முதல் நாளே யுனிவர்சல் ஸ்டூடியோஸா?

கேள்வி: சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கிறோம். நான் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வரும் மே மாதம் குடும்பத்தோடு ஐந்து நாள் சிங்கப்பூர் போகிறோம். எங்கள் எல்லோருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். பத்து வயது மகன், நான்கு வயது மகள், மாமனார் (68 வயது, இன்சுலின் போடுகிறார்), மாமியார் (முழங்கால் வலி) என ஆறு பேர். இரவு 11.30க்குத் திருச்சியில் விமானம், காலை 6.15க்குச் சிங்கப்பூரில் இறங்கும். லிட்டில் இந்தியா பக்கம் ஹோட்டலில் இரண்டு அறை எடுத்திருக்கிறோம். மதியம் 3 மணிக்குத்தான் அறை தருவார்களாம். கணவரோ, இறங்கியதும் பெட்டிகளை ஹோட்டலில் போட்டுவிட்டு 10 மணிக்கு யுனிவர்சல் ஸ்டூடியோஸ், இரவு ஈசூனில் இருக்கும் அவருடைய பெரியப்பா மகள் வீட்டில் விருந்து என்று திட்டம் போட்டிருக்கிறார். போன கோடையில் ஒரே நாளில் ஏற்காடு முழுவதும் பார்த்தபோதே மாமாவுக்கு மதியம் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்தது. மகள் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால், "எதற்கெடுத்தாலும் பயந்தால் எங்கேயும் போக முடியாது" என்கிறார். முதல் நாளை எப்படி அமைத்துக்கொள்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் பயப்படுவது சரிதான். ஆனால் அந்தப் பயத்தை அவரிடம் சொல்லிப் பலனில்லை, கணக்காகச் சொல்லுங்கள். ஒரு தாளை எடுத்து அவருடைய திட்டத்தை அப்படியே சேலம் நேரத்துக்கு மாற்றி எழுதுங்கள். சிங்கப்பூர் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

சேலத்திலிருந்து திருச்சி சுமார் 140 கிலோமீட்டர். நாமக்கல், தொட்டியம், முசிறி வழியாகப் போனால் நடுவில் டீ குடிக்க நிற்பதையும் சேர்த்து மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. விமான நிலையத்தில் 8.30க்காவது இருக்க வேண்டும். அப்படியென்றால் வீட்டை விட்டு மாலை 5 மணிக்குக் கிளம்ப வேண்டும். பறக்கும் நேரம் நாலேகால் மணி. ஏறி உட்கார்ந்து, பெல்ட் போட்டு, விளக்கு அணைந்து, மகள் இரண்டு முறை பாத்ரூம் போய் வந்து, மறுபடி விளக்கு எரிந்து, "நாற்காலியை நேராக வையுங்கள்" என்று அறிவிப்பு வருவதற்குள் தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதுவும் உட்கார்ந்தபடி. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் 6.15 என்பது உங்கள் மாமாவின் உடம்புக்கு அதிகாலை 3.45. ஹோட்டலில் பெட்டி போடும் 8 மணி, சேலத்தில் 5.30. யுனிவர்சல் வாசலில் நிற்கும் 10 மணி, 7.30. விருந்து முடிந்து அறைக்குத் திரும்ப இரவு 10.30 ஆகும். அப்போது சேலத்தில் இரவு 8. முதல் நாள் மாலை 5 மணிக்குக் கிளம்பிய ஆறு பேர் மறுநாள் இரவு 8 மணி வரை, அதாவது 27 மணி நேரம், படுக்கையையே பார்க்கவில்லை. இந்தத் தாளை அவர் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருங்கள்.

சேலத்துக்காரர்களான நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. என் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நம் சுற்றுலா எல்லாமே ஒரு நாள் சுற்றுலா. ஏற்காடு என்றால் விடியற்காலையில் ஏறி ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட், சேர்வராயன் கோயில் எல்லாம் பார்த்து, கிளியூர் அருவியில் தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு (மே மாதத்தில் பெரும்பாலும் இருக்காது), இருட்டுவதற்குள் இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிவிடுவோம். மேட்டூர், ஒகேனக்கல் எல்லாமும் இப்படித்தான். போனதற்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அதில் தப்பும் இல்லை, ஏனென்றால் இரவு சொந்தப் படுக்கையில் தூங்குகிறோம். போன கோடையில் மாமாவுக்கு மயக்கம் வந்தபோது முப்பது சொச்சம் கிலோமீட்டரில் வீடு இருந்தது, தெரிந்த டாக்டர் இருந்தார். அதே வேகத்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோனால் முதல் நாளின் கடனை மீதி நான்கு நாளும் அடைக்க வேண்டியிருக்கும். மகளுக்குச் சளி பிடிக்கும், மாமியார் மூன்றாம் நாள் "நான் அறையிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்ட்டு வாங்க" என்பார், கணவரும் நீங்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டாக்ஸியில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கணவர் பட்டறைக்காரர் என்பதால் அவருக்குப் புரிகிற மாதிரி இன்னொன்றும் சொல்லலாம். சேதாரம் இல்லாமல் கொலுசு கிடையாது, அதைக் கணக்கில் எழுதிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். இந்தப் பயணத்தின் சேதாரம் முதல் நாளின் பகல் பொழுது. அதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதி நான்கு நாளும் முழுசாகக் கைக்கு வரும்.

சரி, இனி ஏற்பாடுகள்.

முதலில் அறை. இதில்தான் பணத்தைச் செலவழிக்கச் சொல்வேன். மற்ற இடங்களில் பிடித்துக்கொள்ளலாம். இரண்டு அறையில் ஒன்றை மட்டும் முந்தின இரவிலிருந்தே எடுங்கள். அதாவது நீங்கள் திருச்சியில் விமானம் ஏறும் இரவுக்கும் சேர்த்து வாடகை. கேட்க வீண் செலவு மாதிரி இருக்கும். ஆனால் காலை 8 மணிக்குக் கதவைத் திறந்து மாமாவும் அத்தையும் காலை நீட்டிப் படுக்க அதுதான் வழி. "சீக்கிரம் வந்தால் அறை இருந்தால் தருகிறோம்" என்று ஹோட்டல்காரர்கள் சொல்வதை நம்பிப் போகாதீர்கள். இருந்தால் தருவார்கள், இல்லையென்றால் வரவேற்பறை சோபாதான். முந்தின இரவுக்குப் பணம் கட்டினால் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு: "மறுநாள் காலையில்தான் வருவோம்" என்று ஹோட்டலுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் வாங்கி வையுங்கள். இல்லாவிட்டால் இரவு நீங்கள் வரவில்லை என்று முன்பதிவையே ரத்து செய்துவிடும் ஆபத்து இருக்கிறது. இரண்டாவது அறை 3 மணிக்கே கிடைக்கட்டும், பாதகமில்லை. ஆறு பேரும் அதுவரை ஒரே அறையில் நெருக்கியடித்துக்கொள்ளலாம். லிட்டில் இந்தியா பக்கத்துச் சிறிய ஹோட்டல்களில் அறைகள் சின்னவை, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது. அதனால் முதல் நாளுக்கு வேண்டிய துணி, பல்துலக்கி, மருந்து எல்லாம் ஒரே சிறிய பையில் இருக்கட்டும். பெரிய பெட்டிகளை ஹோட்டல் கவுண்டரிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

யுனிவர்சல் டிக்கெட் இன்னும் வாங்கவில்லையென்றால் மூன்றாம் நாளுக்கு வாங்குங்கள். அங்கே தேதி போட்டுத்தான் டிக்கெட். ஏற்கெனவே வாங்கியிருந்தால் எங்கே வாங்கினீர்களோ அந்த நிபந்தனையைப் படித்துப் பாருங்கள், சில டிக்கெட்டுகளில் தேதி மாற்றலாம், சிலவற்றில் முடியாது. முடியாது என்றே வந்தாலும் ஆறு பேரும் போக வேண்டாம். கணவரும் பையனும் மட்டும் காலை டிபன் முடித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டு, மதியம் போய்ச் சில சவாரிகள் ஏறிவிட்டு வரட்டும். முழங்கால் வலிக்காரருக்கும் நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்த வெயிலில் வரிசையில் நிற்க டிக்கெட் எதற்கு? சொல்லப்போனால் எந்த நாளிலும் மாமியாருக்கு யுனிவர்சல் தேவையா என்று அவரிடமே கேளுங்கள். நிறைய குடும்பங்களில் இதை யாரும் கேட்பதே இல்லை.

மாமா விஷயத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. எந்த இன்சுலின், எத்தனை யூனிட், எப்போது என்பதைப் பயண நேரத்தைக் காட்டி அவருடைய மருத்துவரிடம் எழுதியே வாங்குங்கள். இரண்டரை மணி நேர வித்தியாசம் அமெரிக்கா போகிற மாதிரி பெரிய புரட்டல் இல்லை. நான் பயப்படுவது சாப்பாடு தள்ளிப்போவதற்குத்தான். ஏற்காட்டில் நடந்ததும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். காலையில் ஊசி போட்டாயிற்று, "அந்த ஒரு இடத்தையும் பார்த்துட்டுச் சாப்பிடலாம்" என்று ஆரம்பித்திருப்பார்கள். சாங்கியில் இறங்கி, குடியேற்ற வரிசை, பெட்டி, டாக்ஸி என்று இரண்டு மணி நேரம் ஓடிவிடும். சாப்பாடு எப்போது கிடைக்கும் என்று உறுதியாகத் தெரியாமல் ஊசி போட வேண்டாம். அவர் சட்டைப் பையிலேயே நாலு குளுக்கோஸ் மாத்திரையோ மிட்டாயோ, ஒரு பிஸ்கட் பாக்கெட்டோ இருக்கட்டும். உங்கள் கைப்பையில் இருந்தால் போதாது, நீங்கள் வேறு வரிசையில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கறையில் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்துபோகலாம், பெட்டி வந்து சேராமலும் போகலாம். மருந்துச்சீட்டு, டாக்டரின் ஆங்கிலக் கடிதம், மருந்தின் சொந்த டப்பா மூன்றும் கூடவே இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் ஊசியைப் பற்றிக் கேள்வி வந்தாலும் காட்டலாம். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் மருந்து, கடுமையான வலி மாத்திரை இவற்றுக்குச் சிங்கப்பூரில் கட்டுப்பாடு இருக்கிறது, சிலவற்றுக்கு முன்அனுமதியே வாங்க வேண்டும். மாமியார் முழங்காலுக்கு என்ன சாப்பிடுகிறார் என்று பெயரைப் பார்த்து டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமியாருக்குச் சக்கர நாற்காலி கேளுங்கள். விமான நிறுவனத்திடம் குறைந்தது இரண்டு நாள் முன்னாலேயே பதிவு செய்துவிட வேண்டும். "நான் என்ன நடக்க முடியாதவளா?" என்று கோபப்படுவார். வீட்டில் நடப்பது வேறு, சாங்கியில் விமான வாசலிலிருந்து பெட்டி எடுக்கும் இடம் வரை நடப்பது வேறு என்று சொல்லுங்கள். அந்த நடையை மிச்சப்படுத்தினால் மாலையில் கோயிலுக்கு நடந்தே போகலாம் என்றால் ஒத்துக்கொள்வார்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய காகித வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விசா வாங்கியிருப்பீர்கள், பாஸ்போர்ட் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்திருக்கும். இதுபோக, சிங்கப்பூர் வருகை அட்டை என்று ஒன்றை ஆறு பேருக்கும் இணையத்தில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் சேர்த்து. இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள்தான் நிரப்ப முடியும், அதற்கு முன்னால் முடியாது. அந்நாட்டுக் குடியேற்றத் துறையின் தளத்தில் அது இலவசம். தேடினால் முதலில் வருவது பணம் கேட்கும் போலித் தளமாக இருக்கலாம், ஜாக்கிரதை. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தமாட்டார்கள், அனுமதி மின்னஞ்சலில்தான் வரும். அதனால் எல்லோருக்கும் உங்களுடைய மின்னஞ்சலையே கொடுங்கள். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்துவிடுங்கள், புதிதாக வரும் கார்டுகளில் அது மூடித்தான் இருக்கும். பிளக் பின் அங்கே பிரிட்டிஷ் மாதிரி மூன்று சதுரக் கால், நம் சார்ஜர் நுழையாது, ஓர் அடாப்டர் இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள். பவர் பேங்க் கைப்பையில் மட்டும்.

பெட்டியில் என்ன வைக்கக்கூடாது என்பதை மட்டும் மாமியாரோடு உட்கார்ந்து பேசுங்கள். நாத்தனார் வீட்டுக்குப் போகிறோம் என்றால் அவர் பாதிச் சமையலறையைக் கட்டிவிடுவார். முறுக்கு, தட்டை, இட்லிப் பொடி, ஜவ்வரிசி வடகம் எல்லாம் நன்றாக அடைத்து எடுத்துப் போகலாம். கசகசா கூடவே கூடாது. நமக்குக் குருமாவில் போடும் சாமான், அங்கே போதைப்பொருள் சட்டத்தில் வரும். சூயிங்கம், புகையிலை கலந்த பாக்கு, இ-சிகரெட் எல்லாம் தடை. சிகரெட்டுக்குத் தீர்வையில்லாச் சலுகை கிடையாது, ஒரு பாக்கெட் என்றாலும் சொல்லி வரி கட்ட வேண்டும். கொப்பரைத் தேங்காயை நம்மூர் விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள், எளிதில் தீப்பிடிக்கும் என்பதால். ஊறுகாயைக் கைப்பையில் வைத்தால் அதுவும் போச்சு.

இறங்கிய பிறகு அவசரமே வேண்டாம். விமானத்துக்குள் குளிராக இருந்திருக்கும், வெளியே வந்தால் விடிகாலையிலேயே பிசுபிசு என்று புழுக்கம். நம் சேலத்து வெயில் வேறு, அங்கே சூடு குறைவுதான், ஆனால் வியர்வை காயாது. சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், விமான நிலையத்திலேயே பாட்டில்களை நிரப்பிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஜூவல் வளாகத்து அருவியைப் பார்க்க வேண்டும் என்பான் பையன். நாற்பது மீட்டர் உயரம், கட்டடத்துக்குள் விழும் அருவிகளில் உலகிலேயே உயரமானது. திரும்பி வரும் நாளில் பார்ப்போம் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு எப்படியும் இரண்டு மணி நேரம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கப் போகிறீர்கள்.

ஆறு பேரும் பெட்டிகளும் சாதாரண டாக்ஸியில் ஏற முடியாது, நாலு பேர்தான். டாக்ஸி நிற்குமிடத்தில் இருக்கும் பணியாளரிடம் ஆறு பேர் ஏறும் பெரிய வண்டி கேளுங்கள். ஆப்பில் தனியார் கார் கூப்பிட்டால் மகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு அந்த விதி இல்லை. இரண்டு வண்டியாகப் பிரிந்து போவதென்றால் ஹோட்டல் முகவரியை இரண்டு பேரும் தாளில் எழுதி வைத்திருங்கள், முதல் நாள் காலையில் எந்தப் போனில் நெட் வேலை செய்யும் என்று சொல்ல முடியாது. எம்ஆர்டி ரயிலில் போகலாம், மலிவு. ஆனால் பெட்டியோடு, மாறி ஏறி, அதுவும் முழங்கால்காரரோடு முதல் நாள் வேண்டாம்.

காலைச் சாப்பாடு இட்லிதான். "சிங்கப்பூர் வந்தும் இட்லியா?" என்று கணவர் கேலி செய்வார், செய்யட்டும். முதல் நாள் வயிறு ஆராய்ச்சிக்கு உரியதல்ல. செராங்கூன் சாலையில் 1947லிருந்து கோமள விலாஸ் இருக்கிறது. அந்தத் தெருவில் தமிழிலேயே கேட்டு வாங்கிச் சாப்பிடலாம். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. மாமாவுக்கு இது எவ்வளவு தெம்பு தரும் என்பது போன பிறகுதான் தெரியும். ஆங்கிலம் வராதே என்று வாய் திறக்காமலே விமானத்தில் வந்தவர், அங்கே கல்லாவில் இருப்பவரிடம் "எந்த ஊருங்க?" என்று ஆரம்பித்துவிடுவார். சீன உணவு, மலாய் உணவு எல்லாம் இரண்டாம் நாளிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிபன் முடிந்ததும் எல்லோரும் குளித்துவிட்டுப் படுங்கள். இரண்டு மணி நேரத்துக்குமேல் தூங்கவிடாதீர்கள், அலாரம் வையுங்கள். குழந்தை மதியம் 4 மணி வரை தூங்கிவிட்டால் இரவு 1 மணிக்குப் படுக்கையில் குதித்து விளையாடும். எழுந்ததும் மாமாவுக்கு மதியச் சாப்பாடு, நேரம் தவறாமல். மதியத்தில் வெளியே போக வேண்டாம். கோயில்களும் அந்த நேரத்தில் பொதுவாக நடை சாத்தியிருப்பார்கள்.

மாலை 5 மணிக்குக் கிளம்புங்கள். முதலில் அதே செராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயில். உங்கள் மாமியாருக்கு அன்றைய நாள் அங்கேயே நிறைந்துவிடும். அப்புறம் லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் டவுன்டவுன் தடத்தில் ஏறினால் மாறாமலே பேஃபிரன்ட். பெரியவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனிக் கார்டு தட்ட வேண்டும், ஒரே கார்டை இரண்டு பேர் பயன்படுத்த முடியாது. ரயிலுக்குள் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது, அபராதம். மாமாவுக்குச் சர்க்கரை இறங்குகிற மாதிரி இருந்தால் உடனே அடுத்த நிலையத்தில் இறங்கி ஏதாவது கொடுங்கள், அபராதத்தை நினைத்து யோசிக்க வேண்டிய நேரம் அது இல்லை.

பேஃபிரன்டில் இறங்கினால் கார்டன்ஸ் பை த பே. அங்கே மரம் மாதிரி நிற்கும் உயரமான இரும்புக் கோபுரங்களில் தினமும் இரவு 7.45க்கும் 8.45க்கும் இசையோடு விளக்குக் காட்சி, டிக்கெட் கிடையாது. 7.45 காட்சியைப் பாருங்கள். ஒரு போர்வையையோ துண்டையோ எடுத்துப் போனால் எல்லோரும் தரையில் படுத்துக்கொண்டே பார்க்கலாம். முழங்கால்காரருக்கு இதைவிட நல்ல இருக்கை கிடையாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 7 மணிக்குத்தான் சூரியன் மறைகிறது, அதனால் இருட்டுவதற்கும் காட்சிக்கும் சரியாக இருக்கும். மழை வந்தால் திரும்பிவிடுங்கள், நாளைக்கும் அதே காட்சி உண்டு. அங்கிருந்து மெர்லயன் சிலை, அங்கிருந்து நதிப் படகு என்று கணவர் ஆரம்பிப்பார். ஒரு கோயில், ஒரு காட்சி, அவ்வளவுதான் முதல் நாள்.

இரவு 10 மணிக்குப் படுத்தாலும் உடம்புக்கு அது 7.30தான். ஆனாலும் முந்தின இரவுத் தூக்கம் போனதால் தூங்கிவிடுவார்கள். கிழக்கே போனால் கஷ்டம் காலையில்தான் தெரியும். அங்கே 7.30க்கு எழுப்பினால் குழந்தைக்கு அது விடியற்காலை 5 மணி. இரண்டாம் நாளையும் 9.30க்கு மேலேயே தொடங்குங்கள்.

இப்போது நாத்தனார் வீட்டு விருந்து. இதுதான் உங்கள் கடிதத்திலேயே சிக்கலான இடம் என்று நினைக்கிறேன். மருமகள் வாயால் "முதல் நாள் வரமுடியாது" என்று சொன்னால் அது காலத்துக்கும் நிற்கும். அதனால் நீங்கள் சொல்ல வேண்டாம், மாமியாரைப் பேசவையுங்கள். "முட்டி வலி, வந்த அன்னைக்கு உன் வீடு வரைக்கும் வர முடியாது கண்ணு, நீ குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு நாங்க தங்கியிருக்கிற இடத்துக்கு வந்துரு" என்று அவர் சொன்னால் அதில் மனத்தாங்கலுக்கு இடமே இல்லை. ஈசூன் தீவின் வடக்கே இருக்கிறது, லிட்டில் இந்தியாவிலிருந்து போய் வருவதற்கே ஒரு மாலைப் பொழுது போய்விடும். நாத்தனார் முதல் நாள் இரவு தயிர் சாதமும் ஒரு பொரியலும் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்கு வந்துவிட்டால் இரவுச் சாப்பாட்டுக் கவலையும் தீர்ந்தது. மாமா நேரத்துக்குச் சாப்பிடுவார், நீங்களும் வெளியே அலைய வேண்டாம். முறையான விருந்தை நான்காம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் எந்த ரயில், எங்கே ஏறுவது என்பதெல்லாம் பழகியிருக்கும். கொண்டுபோன பலகாரத்தையும் அன்றைக்கே கொடுக்கலாம், அறையிலும் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

பையன் ஏமாந்துபோவான் என்று கவலைப்படுவீர்கள். பத்து வயதுப் பையனுக்குத் திட்டத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் போதும். மூன்றாம் நாள் யுனிவர்சல் என்று தேதியோடு எழுதி அவன் கையிலேயே கொடுங்கள். முதல் நாள் எம்ஆர்டியில் எந்த நிலையத்தில் ஏறி எங்கே இறங்குவது என்று பார்த்துச் சொல்லும் வேலையையும் அவனுக்கே கொடுங்கள்.

கடைசியாகப் பயணக் காப்பீடு. டிக்கெட்டோடு சேர்த்து ஒரு பெட்டியில் டிக் அடித்து வாங்கியிருந்தால் அந்தப் பாலிசியை இன்றைக்கே திறந்து படியுங்கள். மாமாவின் வயதுக்கு அது பொருந்துகிறதா, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோயால் வரும் செலவை ஏற்கிறார்களா என்று பாருங்கள். பல பாலிசிகளில் அதை விலக்கியிருப்பார்கள். இருந்தால் அவசர உதவி எண்ணை உங்கள் போனிலும் கணவர் போனிலும் பதிந்துகொள்ளுங்கள். இல்லையென்றால் மாமாவுக்கும் அத்தைக்கும் மட்டும் முதியோருக்கான வேறு பாலிசி தனியாக எடுங்கள். படிவத்தில் இன்சுலின் போடுவதை மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் பணம் தரமாட்டார்கள். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது.